படிக்கிறவர் காட்பாடியில் இறங்குகிறார்

"தொன்மையும் பெருமையும் வாய்ந்த வேலூர், பாலாற்றங்கரையில் அமைந்துள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க நகரமாகும்." நம்ம ஊரைப் பற்றிய கட்டுரைகள், கையேடுகள், மாணவர் ஒப்படைப்புகள் பலவும் இந்த வாக்கியத்தையோ இதன் தம்பியையோ வைத்துத்தான் தொடங்குகின்றன. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் வேலூரை எடுத்துவிட்டு ஆற்காடு என்று போட்டுப் பாருங்கள், அப்படியே நிற்கும். ஆற்றின் பெயரையும் மாற்றினால் திருச்சிக்கும் பொருந்தும். ஊர்ப்பெயரை மாற்றியும் நிற்கிற வாக்கியம் அந்த ஊரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியிலும் இப்படிப் பெயரை மாற்றிப் பார்த்தால் எதை அடிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

லாங் பஜார் மணிக்கூண்டில் இருக்கும் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்பதுதான் அதன் செய்தி. இதை வேறு எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. "வீரம் செறிந்த மண்" என்று எழுதத் துடிக்கும் கையை இந்த இரண்டு எண்களே கட்டிப்போடும்.

யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். "பொதுமக்களுக்கு" என்பது அதற்குப் பதில் ஆகாது. சேலத்திலிருந்து அம்மாவைச் சிகிச்சைக்கு அழைத்துக்கொண்டு விடியற்காலையில் காட்பாடியில் இறங்கும் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் அது பதில். அவர் கையில் இரண்டு பை, ஒரு ஃபைல், பாதி சார்ஜ் உள்ள போன். அவருக்காக வேலூர் வழிகாட்டி எழுதும்போது முதல் வேலை, அவர் வாயால் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதுவது. காட்பாடியில் இறங்கணுமா, வேலூர் கன்டோன்மென்ட்டிலா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஷேர் ஆட்டோ உண்டா? டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியா, ராணிப்பேட்டை வளாகமா, என் சீட்டில் எது போட்டிருக்கிறது? கூட எத்தனை பேர் உள்ளே போகலாம்? என்னென்ன காகிதம் வேண்டும்? ஏழெட்டு கேள்வி வந்ததும் நிறுத்திவிடலாம். அவர் எந்த வரிசையில் கேட்பாரோ, கட்டுரையின் வரிசையும் அதுதான்.

சேலம், ஜோலார்பேட்டை வழியாக வருபவருக்குக் காட்பாடிச் சந்திப்புதான் நிலையம். கன்டோன்மென்ட் இருப்பது காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் போகும் பாதையில். பெயரில் "வேலூர்" இருக்கிறதே என்று அதற்கு டிக்கெட் தேடுகிறவர்கள் உண்டு என்பதால் இது முதல் மூன்று வரிக்குள் வந்தாக வேண்டும். டவுனில் உள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை காட்பாடியிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். ராணிப்பேட்டை வளாகம் வேறு திசை, வேறு மாவட்டம். ஆகவே "சி.எம்.சி.க்குச் செல்லவும்" என்று மட்டும் எழுதுவது அரை வழிகாட்டல்தான்.

இதே கையேட்டில், சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை தொடங்கியதையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதையும், 1947-இல்தான் ஆண்கள் சேர்க்கப்பட்டதையும் முதல் பக்கத்தில் வைத்தால், அவ்வளவு அருமையான செய்தி வீணாகும். பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளிக்குள் ஆண்கள் நுழைய 29 ஆண்டு ஆனது என்பது மருத்துவக் கல்வி பற்றிய கட்டுரைக்குப் பிரமாதமான தொடக்கம். காட்பாடி பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அது குறுக்கே நிற்கும் கம்பம். தகவல் சரியாக இருந்தும் கட்டுரை படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இடமாறாட்டம்தான்.

ஒரே வாக்கியத்தில் ஒரு புரட்சி

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெயரெச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போக மொழி இடம் கொடுக்கிறது. இந்த வசதிதான் தகவல் எழுத்தின் எமன். இப்படி ஒரு வாக்கியம்:

"1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, ஆங்கிலேயரின் புதிய உடை விதிமுறைகளால் மத உணர்வுகள் புண்படுத்தப்பட்ட இந்தியச் சிப்பாய்களால் மேற்கொள்ளப்பட்டு, ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியால் ஒடுக்கப்பட்ட வேலூர்ப் புரட்சி, இந்திய விடுதலைப் போராட்டத்தின் முன்னோடியாகக் கருதப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது."

எழுவாய் "வேலூர்ப் புரட்சி". அது வந்து சேர்வதற்குள் தேதி, காரணம், ஆள், ஊர், முடிவு என எல்லாவற்றையும் வாசகர் மடியில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "புண்படுத்தப்பட்ட", "மேற்கொள்ளப்பட்டு", "ஒடுக்கப்பட்ட", "கருதப்படுகிறது" என்று நான்கு செயப்பாட்டு வினைகள். யார் கருதுகிறார்கள்? சொல்லவில்லை. கடைசியில் "என்பது குறிப்பிடத்தக்கது" என்று ஒரு வால். குறிப்பிட்டாயிற்று, பிறகு ஏன் குறிப்பிடத்தக்கது?

பிரித்து எழுதினால்:

"வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அதிகாலையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயப் படையின் மீது பாய்ந்தார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று முந்தைய ஆண்டின் இறுதியில் உத்தரவு வந்திருந்தது. மறுத்தவர்களில் சிலருக்குக் கசையடி கிடைத்தது. புரட்சி நாளன்று காலையில் கோட்டை சிப்பாய்கள் கையில் இருந்தது. செய்தி ஆற்காட்டுக்கு எட்டியதும் ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு சுமார் 25 கிலோமீட்டர் வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டார்."

இப்போது ஐந்து வாக்கியம். சொல் எண்ணிக்கை கூடியிருக்கிறது, படிக்கும் நேரம் குறைந்திருக்கிறது. உடை விதி என்ற பொத்தாம்பொதுவான சொல்லை உடைத்து நெற்றிக் குறி, தாடி, தலைப்பாகை என்று மூன்று பொருளாக்கியதால்தான் "மத உணர்வு" என்று சொல்லத் தேவையில்லாமல் போனது. தோல் என்ற சொல்லைப் படித்தவுடனே பிரச்சினை என்னவென்று நம்ம வாசகருக்குப் புரிந்துவிடும். "முன்னோடி" என்ற தீர்ப்பை எடுத்துவிட்டேன். வேண்டுமானால், 1857-க்கு 51 ஆண்டு முன்பு என்று ஒரு வரி சேர்க்கலாம். கணக்கைக் கொடுத்தால் தீர்ப்பை வாசகர் சொல்லிக்கொள்வார்.

இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கையை நான் போடவில்லை. அது நூலுக்கு நூல் மாறுகிறது. மாறும் எண்ணை ஒற்றை எண்ணாக எழுதினால் நாளை அதை நான்கு பேர் அப்படியே எடுத்துப் போடுவார்கள்.

கோட்டை பற்றிய எழுத்துகளில் இன்னொரு சிக்கல் அடிக்கடி வருகிறது: "திப்பு சுல்தானின் குடும்பத்தினரும் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனும் இக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்தனர்." தனித்தனியே இரண்டும் உண்மை. சேர்த்துப் படித்தால் அடுத்தடுத்த அறையில் இருந்தார்கள் என்று தோன்றும். திப்புவின் குடும்பம் வந்தது 1799-க்குப் பிறகு. 1806 புரட்சியை அடுத்து அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டி மன்னர் கொண்டுவரப்பட்டது 1816-இல், இறந்தது 1832-இல். இடையில் சுமார் பத்து ஆண்டு. "உம்" போட்டுப் பெயர்களை இணைக்கும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஆண்டை எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். பிரதியில் ஆண்டை வைத்திருக்க வேண்டும் என்றில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதினால் போதும், தவறு எழுந்து நிற்கும்.

பழமொழியும் தேதி தாண்டும். "அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைச் சொல்வார்கள். (பெண்களைப் பற்றி இன்னொரு வாலும் உண்டு, அது கிடக்கட்டும்.) சுவையான தொடர், கட்டுரைக்குள் வைக்கக் கை அரிக்கும். ஆனால் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-இல் லிங்கத்தை மீண்டும் நிறுவியாயிற்று, அன்றிலிருந்து வழிபாடு நடக்கிறது. தொடரை வைக்கலாம், "சாமி இல்லாத கோயில்" 1981 வரைக்கும்தான் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பே ஒரு நல்ல கதைக்கு வாசல்.

எண்களுக்கு வேலை கொடுப்பது

பாலாறு நந்தி மலைப் பக்கம் தோன்றி, கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் கடலில் கலக்கிறது. நீளம் 348 கிலோமீட்டர்: கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. நான்கு எண்ணையும் அப்படியே அடுக்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அந்த எண்கள் எதையோ சொல்ல வந்தவை. ஆற்றின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக நம் பக்கம் இருக்கிறது, ஆனால் தலைப்பகுதி நம்மிடம் இல்லை. மேலே உள்ள ஏரிகளும் தடுப்பணைகளும் நிரம்பிய பிறகுதான் நமக்கு. இந்த ஒரு வாக்கியம் இருந்தால் 93-ம் 222-ம் வாசகர் நினைவில் தங்கும். இல்லாவிட்டால் தேர்வுக்குப் படித்த எண்ணாகப் போகும்.

வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது "ஒரு லட்சம் கன அடி" என்று எழுதுவார்கள். ஒரு விநாடிக்கா, ஒரு நாளைக்கா? பாதிக் கட்டுரைகளில் "விநாடிக்கு" விழுந்துவிடுகிறது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஒரு லட்சம் கன அடி என்றால் விநாடிக்கு 28 லட்சம் லிட்டருக்கு மேல். வேலூரில் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த யாருக்கும் 12,000 லிட்டர் டேங்கர் தெரியும். விநாடிக்கு சுமார் 235 டேங்கர் என்று எழுதினால் வேறு விளக்கம் வேண்டாம். அளவை மாற்றும்போது வாசகர் கண்ணால் பார்த்த பொருளுக்கு மாற்ற வேண்டும். கால்பந்து மைதானம், ஒலிம்பிக் நீச்சல் குளம் எல்லாம் இங்கே யாருக்கும் அளவுகோல் இல்லை. கோட்டையின் 133 ஏக்கரை ஹெக்டேராக்குவதும் அப்படித்தான், ஆராய்ச்சிக் கட்டுரைக்கு மட்டும்.

"எப்போதும்", "முற்றிலும்" இரண்டையும் கண்டால் நின்று விசாரிக்க வேண்டும். "முற்றிலும் வறண்டுபோன பாலாறு" என்று எழுதியவர், 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டதையும், 2021 நவம்பரில் கரைபுரண்டதையும் எங்கே வைப்பார்? "ஆண்டின் பெரும்பகுதி மணல்தான், மேலே மழை கொட்டினால் ஓரிரு நாளில் கரை நிறையும்" என்பதுதான் அந்த ஆற்றின் நிஜம், ஆற்றுக்குள் வீடு கட்டுகிறவருக்குத் தேவையான எச்சரிக்கையும் அதுதான்.

மாவட்டப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. திருவண்ணாமலை தனியே போயிற்று. மீதி பின்னர் வேலூர் மாவட்டமாகி, 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆகவே "வேலூர் மாவட்டம் ஆம்பூர்", "வேலூர் மாவட்டத்தில் உள்ள காவலூர் வானாய்வகம்" என்பவை பழைய நூலிலிருந்து எடுத்த வரிகள். ஆம்பூர், வாணியம்பாடி, காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டம். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு, பேரணாம்பட்டு வேலூரிலேயே. 1995-ஆம் ஆண்டு புள்ளிவிவரத்தை இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று எழுதினால், குறைந்தது பரப்பளவுதான்.

செய்முறை எழுதுவது

இதுதான் கடினம், இதில்தான் பிழைக்கு விலை அதிகம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். கத்தரியின் பெரிய எதிரி தண்டு மற்றும் காய்த் துளைப்பான். அதற்குத் துண்டறிக்கைகளில் வரும் வரி: "5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கவும்."

இதைப் படித்துவிட்டு ஒரு விவசாயி எதுவும் செய்ய முடியாது. எதில் 5 சதவீதம்? அவரிடம் இருப்பது 10 லிட்டர் கைத்தெளிப்பான். அவருக்கு வேண்டியது இது:

"காய்ந்த வேப்பங்கொட்டையை ஓடு நீக்கிப் பருப்பை எடுக்கவும். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பு. தூளாக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் மாலையில் ஊறப்போடவும். காலையில் மரக்குச்சியால் நன்றாகக் கலக்கவும். கரைசல் பால் போல வெள்ளையாக வர வேண்டும். இரண்டாக மடித்த மெல்லிய துணியில் வடிகட்டவும். 100 கிராம் சோப்பைத் தனியே பசையாகக் குழைத்து இதில் சேர்க்கவும். தண்ணீர் ஊற்றி 10 லிட்டராக்கவும். அன்று மாலையே தெளித்துவிடவும்."

இதில் கவனிக்க வேண்டியவை பல. சதவீதம் போய், டேங்கின் அளவுக்குக் கிராம் கணக்கு வந்தது. "நன்றாகக் கலக்கவும்" என்பதோடு நிற்காமல், கலந்தாயிற்று என்பதற்கு அடையாளமாக வெள்ளை நிறத்தைச் சொன்னோம். செய்முறையில் ஒவ்வொரு படிக்கும் "முடிந்தது என்று எப்படித் தெரியும்" என்பதற்குக் கண்ணுக்கோ கைக்கோ மூக்குக்கோ ஓர் அடையாளம் வேண்டும். வேலை நடக்கும் வரிசையிலேயே வாக்கியமும் போக வேண்டும். "வடிகட்டுவதற்கு முன் ஊறவைத்த தூளைக் கலக்க வேண்டும்" என்பது மொழியில் சரி, வயலில் தலைகீழ்.

அடுத்து, எங்கே கெடும், ஏன் கெடும். ஓட்டோடு எடை போட்டால் அரைக் கிலோவில் பருப்பு குறைந்து சாறு நீர்த்துவிடும். கொட்டை பொறுக்கி மூன்று மாதம் ஆகாமலோ எட்டு மாதம் தாண்டியோ இருந்தால் அதில் அசாடிராக்டின் (பூச்சியைத் தடுக்கும் வேப்பம் பொருள்) குறைவு, வெள்ளை நிறம் சரியாக வராது. காலையில் தெளித்தால் வெயில் அந்தப் பொருளைச் சிதைத்துவிடும், அதனால்தான் மாலை. துணி ஒற்றையாக இருந்தால் தெளிப்பானின் மூக்கு அடைக்கும். இந்த "ஏன்" எல்லாவற்றையும் படிகளுக்கு நடுவே செருகினால் படிகள் காணாமல் போகும். படிகள் தனியே, காரணங்கள் அடுத்த பத்தியில். ஒரே விலக்கு: உடம்புக்கோ பயிருக்கோ ஆபத்து தரும் எச்சரிக்கை, அந்தப் படிக்கு முன்னால் நிற்க வேண்டும். "பிறகு தெளிக்கவும். (கையுறை அணிந்திருக்க வேண்டும்.)" என்று எழுதினால் கையுறை ஞாபகம் வரும்போது கை நனைந்திருக்கும்.

எப்போது தெளிப்பது என்பதற்கும் தேதி சொல்வதைவிட அடையாளம் சொல்வது மேல். இளம் நுனித்தண்டு வாடித் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி எடுத்து அழிக்க வேண்டும். வாசகருக்கு இது கண்ணில் படும். பூச்சியின் லத்தீன் பெயர் படாது.

கலைச்சொல் வந்தே தீரும் இடமும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலைப் பற்றி எழுதுகிறவர் "குரோமியம்" என்று மட்டும் எழுதித் தப்பிக்க முடியாது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிற குரோமியம். கொடிய நச்சு அறுவிணைதிற வகை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலைக் கழிவில் பிரச்சினை அதுதான். இரண்டையும் கலந்து எழுதிய கட்டுரை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் வாதாடும்போது ஒரு நிமிடத்தில் கவிழ்ந்துவிடும். முதல் முறை வரும் இடத்தில் ஒரே வரியில் வேறுபாட்டைச் சொல்லிவிட்டு, கடைசிவரை அதே சொல்லையே வைத்திருக்க வேண்டும். "தோல் பதனிடும் ஆலை", "தோல் தொழிற்சாலை", "டேனரி" என்று பத்திக்குப் பத்தி அழகுக்காக மாற்றினால், மூன்றும் வேறு வேறு இடம் என்று வாசகர் நினைப்பார். கதையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அலுக்கும், தகவலில் அலுக்காது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் சொன்ன தீர்ப்பை எழுதும்போதும் இதே முறைதான்: கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று முதலில் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, சட்டப் பெயரைப் பிறகு வைக்கலாம்.

இணைப்புச் சொற்களில் கவனம் தவறினால் வாசகர் கவுன்ட்டரிலிருந்து திரும்பி வருவார். "ஆதார் அல்லது பாஸ்போர்ட்டும் புகைப்படமும் கொண்டு வரவும்." ஆதார் கொண்டு வருபவருக்குப் புகைப்படம் வேண்டுமா, வேண்டாமா? எழுதியவர் மனதில் பதில் உண்டு, தாளில் இல்லை. "புகைப்படம் கட்டாயம். அதோடு ஆதார், பாஸ்போர்ட் இரண்டில் ஒன்று." முடிந்தது.

முடித்ததும் போனில் திறந்து பாருங்கள். கணினியில் ஐந்து வரியாகத் தெரியும் பத்தி போனில் திரையை நிறைக்கும். அதைப் பார்த்ததும் எங்கே உடைக்க வேண்டும் என்று தெரியும். சத்தமாகப் படிக்கும்போது மூச்சு வாங்கும் இடம் வாக்கியம் நீண்ட இடம். அதற்கு மேல் ஒரு சோதனை, இதைப் பலரும் தவறாகச் செய்கிறார்கள்: பிரதியை ஒருவரிடம் கொடுத்து "புரிஞ்சுதா?" என்று கேட்பது. "இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அண்ணன் எழுதியது ஆயிற்றே. அதற்குப் பதில் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பத்து லிட்டருக்கு எவ்வளவு பருப்பு?", "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?" என்று கேளுங்கள். அவர் தயங்கும் கேள்விக்கான விடை எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள். அவருக்கு வாயால் விளக்கத் தொடங்காதீர்கள். விளக்கிய சொற்கள் தாளுக்கு வராமலே போய்விடும்.